நினைவகப் பக்கம் பெரிதான வரலாறு

கணிப்பொறியின் நினைவகத்தைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு பக்கமெனக் கொண்டு, நிரல் எழுதுகிறவர் இடத்தைப் பற்றிய கவலையின்றித் தம் காரியத்தில் மட்டும் சித்தம் செலுத்தும்படி செய்த ஏற்பாடு, இன்று சட்டைப்பையிலுள்ள கைபேசி முதல் வங்கிகளின் பெருங்கணிப்பொறி வரையில் எங்கும் வியாபித்திருக்கிறது. அந்தப் பக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால், நினைவகத்தைப் பற்றிச் சிந்திக்கும் பொறுப்பு இயந்திரத்தைச் சேர்ந்ததா, நிரலாசிரியரைச் சேர்ந்ததா என்ற ஆதாரமான பிரச்னை அதனுள் அடங்கியிருப்பதால், அதன் சரித்திரம் அறியத்தக்கது.

1950களில் கணிப்பொறியின் முதன்மை நினைவகம் விலை மிகுந்ததாகவும் மிகச் சிறியதாகவும் இருந்தது; விஸ்தாரமான இடமோ, சுழலும் காந்த உருளைகளில்தான் கிடைத்தது. ஆகவே நிரலாசிரியர் தம் நிரலைத் தாமே கூறுபோட்டு, எந்தக் கூறு எப்போது உருளையிலிருந்து வரவேண்டும், எது திரும்பிப் போகவேண்டும் என்பதையெல்லாம் தாமே எழுதிவைக்க வேண்டியிருந்தது. இந்தப் பிரயாசையிலிருந்து அவரை விடுவிக்க எண்ணிய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து டாம் கில்பர்னும் அவருடைய சகாக்களும், ஃபெரான்டி கம்பெனியாருடன் சேர்ந்து நிர்மாணித்து, 1962 டிசம்பரில் தொடங்கிவைத்த அட்லஸ் என்னும் கணிப்பொறியில், 16,384 சொற்கள் கொண்ட முதன்மை நினைவகமும் 98,304 சொற்கள் கொண்ட உருளைகளும், பயன்படுத்துகிறவருக்கு ஒரே களஞ்சியமாகக் காட்சியளித்தன.

அட்லஸின் பக்கம் 512 சொற்கள் உடையது. முதன்மை நினைவகத்தில் அத்தகைய பக்கங்கள் 32. அவற்றில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடுகளும் சரியாக 32. நினைவகம் முழுவதற்கும் ஒன்றுக்கு ஒன்றாகப் பதிவேடு இருந்தபடியால், முதன்மை நினைவகத்தில் உள்ள பக்கத்தைத் தேடி அலையும் அவசியமே அந்த இயந்திரத்துக்கு ஏற்படவில்லை. பிற்காலத்துத் தொல்லைகள் அனைத்தும் இந்தச் சமநிலை குலைந்ததிலிருந்து பிறந்தவை.

நினைவகம் வளர வளர, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பதிவேடு வைப்பது அசாத்தியமாயிற்று. ஆகவே, பக்கங்களின் அட்டவணையை நினைவகத்திலேயே எழுதிவைத்து, அண்மையில் தேடிய சில முகவரிகளை மட்டும் பிராசசருக்குள் ஒரு சிறு பட்டியலில் வைத்துக்கொள்ளும் முறை வந்தது. டி.எல்.பி. என்று வழங்கப்படும் அந்தப் பட்டியல், பெரிய நூல்நிலையத்தில் அடிக்கடி கேட்கப்படும் சில புத்தகங்களின் இருப்பிடத்தை மட்டும் ஒரு சீட்டில் குறித்துவைத்திருக்கும் நூலகரின் உபாயத்தை ஒத்தது. சீட்டில் இல்லாத புத்தகத்துக்கு அவர் பெரிய அட்டவணையைப் புரட்டவேண்டும். அதுபோலவே, பட்டியலில் இல்லாத முகவரிக்குப் பிராசசர் நினைவகத்துக்குச் சென்று, பெரும்பாலும் நான்கு படிகளாக அமைந்த இன்றைய அட்டவணையில் ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்கவேண்டும்.

பக்கத்தின் அளவைப் பற்றி அக்காலத்து அறிஞர்களிடையே ஏகோபித்த கருத்து இருக்கவில்லை. பக்கம் பெரிதானால் அதன் ஓரத்தில் உபயோகமின்றிக் கிடக்கும் இடம் மிகும். சிறிதானால் அட்டவணை வீங்கும். ஐ.பி.எம். தன் 360 வரிசையின் 67ஆம் மாதிரியில் 4,096 பைட்டுகளைக் கொண்டது. 1977இல் வெளிவந்த வாக்ஸ் இயந்திரம் 512 பைட்டுகளே போதுமென்றது. 1985இல் இன்டெல் 80386 மீண்டும் 4,096ஐ ஏற்றது. அந்த 80386இன் பட்டியலில் 32 பதிவுகள். அவை 128 கிலோபைட் இடத்துக்குப் போதுமானவை. நினைவகம் ஒருசில மெகாபைட்டுகளாக இருந்த அந்நாளில் அது நியாயமான அளவே. ஆனால் நினைவகம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிய பின்னரும் பக்கம் மட்டும் பெரும்பாலும் அதே 4 கிலோபைட்டாக நின்றுவிட்டது. 64 பதிவுகள் கொண்ட பட்டியல், சிறிய பக்கங்களைக் கொண்டு 256 கிலோபைட்டைத்தான் தன் பார்வையில் வைத்திருக்க முடியும். பக்கம் 2 மெகாபைட்டாக இருந்தால் அதே எண்ணிக்கையிலான பதிவுகள் 128 மெகாபைட்டை ஆளும்.

இந்தக் குறையை நன்கு உணர்ந்தவர்களில் பெருந்தரவுத்தளங்களை நடத்தியவர்களும் உண்டு. 8 ஜிகாபைட் அளவுள்ள பொது நினைவிடம் ஒன்றை, தனித்தனி அட்டவணையுடைய 500 செயல்முறைகள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். சிறிய பக்கங்களில் அதற்கு 20,97,152 அட்டவணைப் பதிவுகள் வேண்டும். பதிவுக்கு 8 பைட்டாக ஒரு செயல்முறைக்கு 16 மெகாபைட் ஆகிறது. ஐந்நூறு செயல்முறைகளும் அந்த இடம் முழுவதையும் தொடுமானால், அட்டவணைகள் மட்டுமே ஏறக்குறைய 8 ஜிகாபைட்டை விழுங்கிவிடும். பக்கம் 2 மெகாபைட்டானால் 4,096 பதிவுகளும் 32 கிலோபைட்டும் ஒரு செயல்முறைக்குப் போதும்.

பிராசசர்கள் பெரிய பக்கங்களுக்கு இடங்கொடுத்தும், பயன்பாட்டு நிரல்கள் அவற்றைப் பெறுவது எளிதாக இல்லை. 2003 இறுதியில் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6ஆம் பதிப்பில் அமைந்த முறைப்படி, இயந்திரத்தின் நிர்வாகி இத்தனை பெரிய பக்கங்கள் வேண்டுமென்று முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். நிரலாசிரியர் அவற்றைப் பிரத்தியேகமாகக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு பெரிய பக்கத்துக்கு 512 சிறிய பக்கங்கள் இடைவெளியின்றி வரிசையாகக் கிடைக்கவேண்டும். நெடுநேரம் இயங்கிச் சிதறுண்ட நினைவகத்தில் அத்தகைய இடம் அரிது. ஆகவேதான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்கும் அவசியம் நேர்ந்தது. கில்பர்ன் நிரலாசிரியரின் தோளிலிருந்து இறக்கிவைத்த சுமையில் ஒரு பகுதி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அவர் தோளில் ஏறியது.

அதையும் இறக்கிவைக்க முயன்றவர்கள் உண்டு. 2002இல் நவாரோ, ஐயர், ட்ருஷெல், காக்ஸ் ஆகிய நால்வர், நிரலாசிரியர் கேளாமலே இயங்குதளம் தானாகப் பெரிய பக்கங்களை வழங்கும் முறையொன்றை ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் அமைத்து, பல வேளைகளில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட வேகம் கிட்டுவதை நிரூபித்தார்கள். 2011இல் ஆந்த்ரேயா ஆர்காஞ்சலியின் உழைப்பால் லினக்ஸிலும் அத்தகைய வசதி ஏற்பட்டது. எனினும், அது எல்லோருக்கும் அனுகூலமாகவில்லை. ரெடிஸ் என்னும் தரவுத்தளம், தன் சேமிப்பை வட்டில் எழுதுவதற்காகத் தன்னைப் போன்ற பிரதி ஒன்றைக் கிளைக்கச் செய்கிறது. அவ்வேளையில் ஒரு பைட்டு மாறினாலும் அது அடங்கிய பக்கம் முழுவதையும் நகலெடுக்கவேண்டும். 4 கிலோபைட்டுக்குப் பதிலாக 2 மெகாபைட்டை நகலெடுக்க நேர்ந்ததால் தாமதம் மிகுந்தது. அந்த வசதியை நிறுத்திவைக்குமாறு ரெடிஸின் கையேடே உபதேசிக்கலாயிற்று.

நினைவகத்தைப் பரவலாகவும் இடைவிடாமலும் தொடுகின்ற நிரலுக்குப் பெரிய பக்கம் பெரும் பேறு. சிறு சிறு இடங்களைத் தொட்டுவிட்டு அடிக்கடி கிளைத்துப் போகிற நிரலுக்கு அதுவே வீண் பாரம். எது எத்தகையது என்பதை, அந்த நிரலின் குணத்தை அறிந்தவரே நிச்சயிக்க முடியும். இயந்திரம் எவ்வளவு சாமர்த்தியம் பெற்றாலும், தாம் எழுதிய நிரல் நினைவகத்தை எவ்விதம் கையாள்கிறது என்பதை அளந்து அறியும் கடமை நிரலாசிரியருடையதே. இத்துறையில் இறங்கும் நம் இளைஞர்கள், பிறர் சொன்ன அமைப்பை அப்படியே எழுதிவிட்டு நிற்காமல், தம் நிரலை முதலில் அளந்து பார்த்து, அதன் பிறகே பக்கத்தின் அளவைத் தீர்மானிப்பார்களாக.