ஒரு முகம், இரு வேடம்: கரிசல் கண்ட நாயகரும் எதிர்நாயகரும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் கரிசலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஐப்பசி மழையில் அது காலை உள்ளிழுக்கும் களி. சித்திரை வெயிலில் விரல் நுழையும் வெடிப்பு. மண் ஒன்றே, பருவம் வேறு. ஒன்றே இரண்டாய்த் தோன்றும் விந்தையை இம்மண்ணின் மக்கள் ஆண்டுதோறும் கண்டு பழகியவர்கள்.

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் திரைப்பட நாயகனுக்கும் எதிர்நாயகனுக்கும் என்ன வேலை என்று கவிஞர் சிலர் வினவக்கூடும். 1977 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்த அருப்புக்கோட்டைத் தொகுதிதான் எம்.ஜி. இராமச்சந்திரனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அம்மாதம் 30 ஆம் நாள் அவர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அன்றிலிருந்து இவ்வானம் பார்த்த பூமியின் மீது ஒரு பழி நிலைத்து நிற்கிறது: இங்குள்ளோர் திரையையும் தரையையும் பிரித்தறியாதவர்கள், நிழலுக்கு வாக்களித்தவர்கள் என்பது அப்பழி. அது நியாயந்தானா என்று காண்பதற்கு, அவர்கள் கொட்டகையில் கண்ட நிழல் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மேடை இட்ட வித்து

ஒரே ஆள் பல உருவில் வருவது திரைப்படம் தந்த புதுமையன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடந்து வந்த நாடகம். அதில் முருகன் வேடனாக வருகிறான். விருத்தனாகத் தள்ளாடி வருகிறான். வள்ளிக்குத் தெரியாத உண்மை பார்ப்போருக்குத் தெரியும். வேடத்துக்குள் இருப்பவன் யார் என்பதை அறிந்துகொண்டே வேடத்தையும் நம்பும் பயிற்சி அங்கே தொடங்கியது.

அந்த நாடக மரபில் வந்த பாய்ஸ் கம்பெனிகளிலேதான் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் சிறுவர்களாகப் பயின்றனர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940 இல் எடுத்த உத்தம புத்திரனில் நல்லவனாகவும் கொடியவனாகவும் சின்னப்பாவே நடித்தார். அந்நாளில் இரட்டை வேடக் காட்சிக்குப் படக்கருவியின் வில்லையில் ஒரு பாதியை மறைத்து நடிகரை மறுபாதியில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மாற்றி வைத்து, அதே நடிகரை வேறு உடையில் எதிர்ப்பக்கம் நிறுத்துவார்கள். நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று இருக்கும். எந்த உருவமும் அக்கோட்டைத் தாண்டி மற்றதைத் தொட இயலாது; தொட வேண்டுமாயின் முதுகு காட்டி நிற்க மாற்றாள் ஒருவர் வேண்டும்.

முகமூடியும் இரட்டை வேடமும்

மேலைநாட்டில் 1938 இல் பிறந்த சூப்பர்மேனும் 1939 இல் பிறந்த பேட்மேனும் ஓருடலில் ஈருயிர் வாழ்பவர்கள். முன்னவன் பகலில் அடக்கமான செய்தியாளன். பின்னவன் பகலில் செல்வச் சீமான். ஆபத்து வந்தால் உடை மாறுகிறது. அங்கே இரட்டைத் தன்மை ஒருவன் காக்கும் இரகசியம். நம்மிடமும் அத்தகைய நாயகன் இல்லாமலில்லை. நாமக்கல் கவிஞரின் புதினம் 1954 இல் மலைக்கள்ளனாகத் திரைக்கு வந்தபோது, மலையில் கள்வனாகவும் ஊரில் வணிகனாகவும் ஒருவனே உலவினான்.

ஆயினும் தமிழ்த் திரை பெரிதும் விரும்பியது முகமூடியை விட இரட்டை வேடத்தையே. 1958 இல் வெளிவந்த நாடோடி மன்னனில் அரசனும் அவனை எதிர்க்கும் புரட்சிக்காரனும் ஒரே முகம் கொண்டவர்கள். நாடோடி சிலகாலம் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்கான சட்டங்களை இயற்றுகிறான். 1965 இல் வந்த எங்க வீட்டுப் பிள்ளையில் ஒருவன் அக்காள் கணவரின் சவுக்குக்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளை. மற்றவன் யாருக்கும் அஞ்சாத ஏழை. இடம் மாறியதும் சவுக்கும் கை மாறுகிறது.

மேலைநாட்டு நாயகனின் இரண்டு பாதிகளையும் பிரிப்பது உடை. நம் நாயகர் இருவரையும் பிரிப்பது அச்சமும் அதிகாரமும். டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்திருந்த கூலியாளும் நெசவாளியும் அடிவாங்கும் கோழையின் முகத்திலே தம்மைக் கண்டார்கள். அதே முகம் நிமிர்ந்து நிற்கக் கண்டபோது, தமக்குள்ளும் அப்படியொருவன் உறங்குவதாக எண்ணி மகிழ்ந்தார்கள். வேற்றுலகிலிருந்து வந்து காக்கும் வீரன் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அடிபட்டவனே திருப்பி எழும் காட்சி தேவைப்பட்டது.

எதிர்நாயகன் என்னும் உறவினன்

அப்படங்களின் எதிர்நாயகனும் அயலானல்லன். எங்க வீட்டுப் பிள்ளையில் கொடியவன் அக்காள் கணவன். 1958 இல் சிவாஜி கணேசன் இருவேடத்தில் நடித்த உத்தம புத்திரனில் அவன் மாமன். இருவராகவும் நடித்தவர் எம்.என். நம்பியார். வீட்டுக்குள்ளேயே இருந்து சொத்தையும் உரிமையையும் பறிப்பவன் என்பதே அக்கதைகளின் இலக்கணம். நிலமும் கிணறும் பங்காளிச் சண்டைக்குள் சிக்கும் ஊர்களில் இந்த இலக்கணத்துக்கு உரை தேவையில்லை.

நம்பியாரின் வாழ்க்கையும் ஓர் இரட்டை வேடமே. திரையில் சவுக்கைச் சுழற்றியவர், வாழ்வில் மது அருந்தாதவர். பல பத்தாண்டுகள் சபரிமலைக்கு மாலையிட்டுச் சென்று, குருசாமியாகப் பலரை அழைத்துச் சென்றவர். 2008 நவம்பரில் அவர் மறைந்தபோது, அவருடைய கொடுமையை எவரும் பேசவில்லை. பக்தியையும் பண்பையும் பேசினர். கொட்டகையில் அவரைச் சபித்தவர்களும் அவர் நல்லவர் என்பதை அறிந்தே இருந்தார்கள்.

சற்றே மறைந்து போன செய்தி இன்னொன்றுண்டு. 1975 இல் வந்த நினைத்ததை முடிப்பவனில் நல்லவனோடு கொள்ளைக்காரனாகவும் நடித்தவர் எம்.ஜி.ஆரே. மது அருந்தாத, பெண்டிரைக் காக்கும் நாயகனாகத் தம் உருவத்தை இத்தனை கவனமாக வளர்த்தவர், அதே முகத்துக்குத் தீமையையும் ஒருமுறை அணிவித்துப் பார்த்தார். இரண்டாண்டு கழித்து அருப்புக்கோட்டை அவருக்கு வாக்களித்தது.

வாக்குச்சாவடியில் நடந்தது

திரை உருவம் எவ்வாறு அரசியல் முதலாயிற்று என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் விரிவாக ஆராய்ந்தது. அதன் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் மக்கள் மயங்கியே கிடந்தார்கள் என்று முடிவு கட்டுவோர் 1980 ஆம் ஆண்டைக் கணக்கில் எடுத்தல் வேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரின் கட்சி, மாநிலத்தின் 39 இடங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. பிப்ரவரியில் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. சில திங்களுக்குள் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் 234 இல் 129 இடங்களை அக்கட்சிக்கு அளித்தனர்; அவர் மதுரை மேற்கில் வென்றார். திரை மாறவில்லை, முகமும் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் இருமுறை மாறிற்று. நிழலில் மயங்கியவர்களால் இவ்வாறு மாற்றி மாற்றித் தீர்ப்பளிக்க இயலுமா? வேடத்தை இரசித்துக்கொண்டே வேடதாரியை எடைபோடும் பழைய மேடைப் பயிற்சி அவர்களைக் கைவிடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கோட்டின் இருபுறம்

பின்வந்த படங்களில் நடுக்கோடு மெல்ல அழிந்தது. 2005 இல் அந்நியனில் சாதுவும் கொலைஞனும் ஒரே மனத்துக்குள் குடியேறினர். 2008 இல் வெளிவந்த பேட்மேன் படமாகிய தி டார்க் நைட்டில் நேர்மையான வழக்கறிஞன் ஒருவன், முகத்தின் ஒரு பாதி கருகியபின், நாணயத்தைச் சுண்டிப் பிறர் உயிரைத் தீர்மானிக்கிறான். 2010 இல் எந்திரனில் படைத்தவனும் படைப்பும் ஒரே முகம். அப்படைப்பே கொடியதாகவும் மாறுகிறது. 2021 இல் வந்த மின்னல் முரளி என்னும் மலையாளப் படத்தில் ஒரே இரவில் இருவர் மீது மின்னல் பாய்கிறது; ஒருவன் ஊரைக் காக்கிறான், மற்றவன் எரிக்கிறான். அந்த மற்றவனாக நடித்தவர் தமிழ் நாடகமேடை தந்த குரு சோமசுந்தரம். வாழ்நாளெல்லாம் ஊரால் ஒதுக்கப்பட்ட அவனைப் பார்த்துக் கண்கலங்காதவர் அரியர். வலிமை ஒன்றே, அது விழுந்த மனத்தில் இருந்த காயமே வேறு.

இவ்விடத்தில் நம் நினைவு திருச்சுழிக்குத் திரும்புகிறது. 1879 டிசம்பர் 30 இல் அவ்வூரில் பிறந்த வேங்கடராமன், 1896 இல் மதுரையில் தம் பதினாறாம் வயதில் மரண அச்சத்தை நேர்கொண்டு, திருவண்ணாமலை சென்று இரமணராய் நின்றார். ‘நான் யார்?’ என்பது அவர் உலகுக்கு விட்டுச் சென்ற வினா. வேடங்கள் எத்தனை வந்தாலும் அவற்றைத் தாங்குபவன் யார் என்று கேட்பது அது. அருப்புக்கோட்டை திரை நாயகனைத் தேர்ந்தெடுத்தது; அடுத்த ஊர் நாயகன் என்னும் எண்ணத்தையே விசாரித்தது. இரண்டும் ஒரே கரிசலின் விளைச்சல்.

கவிஞர்களாகிய நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. நம் கவிதைகளிலும் கொடியவன் எப்போதும் எதிர்ப்பக்கம் நிற்கிறான்: ஆள்பவன், முதலாளி, அயலான். நல்லவன் நம் முகத்தோடு இருக்கிறான். படக்கருவியின் பாதியை மறைக்கும் அந்தப் பழைய உத்தியைத்தான் நாமும் கையாள்கிறோம். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தார் ஒரு கவிதையிலேனும் அம்மறைப்பை அகற்றிப் பார்க்கட்டும். சவுக்கைப் பிடித்திருக்கும் கையும் நம்முடையதாக இருக்கலாம்.