காரை நீக்கும் கையும் நோய் காணும் கண்ணும்: வாய்நோய் அறிதலின் வரலாறு (1877–2005)

முன்னுரை

பற்சுகாதாரத்தின் வரலாறு பெரும்பாலும் தூய்மையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பல்குச்சியில் தொடங்கிப் பற்பொடி, பற்பசை, பற்காரை நீக்கும் கருவி என அது வளர்கிறது. ஆயின், பல்லைத் தூய்மை செய்பவர் நெடுநேரம் பிறர் வாயை உற்று நோக்குகிறார். அவர் பார்வையில் படுவது பல் மட்டுமன்று. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடியிலுள்ள வாய்த்தளம், அண்ணம் ஆகியனவும் படுகின்றன. அங்குத் தோன்றும் பிறழ்வை நோயின் முன்குறி என அறிந்து சொல்வது யாருடைய பணி என்னும் வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூய்மைப் பணியின் தோற்றம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் மருத்துவராக இருந்த ஆல்பிரெட் போன்ஸ், 1906இல் தம் உதவியாளரான ஐரீன் நியூமனுக்குப் பற்காரை நீக்கவும் பற்களைத் துலக்கவும் பயிற்சி அளித்தார். 1913இல் இப்பணிக்கென ஒரு பள்ளியையும் அவர் தொடங்கினார். நியூமன் 1917இல் உரிமம் பெற்றார். இத்தொழில் நோய் வருமுன் காத்தலை நோக்கமாகக் கொண்டது. எனினும் அதன் மையம் பல்லும் ஈறுமே.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமும் இவ்வழியே சென்றது. காரை நீக்குதல், பற்களைத் தூய்மை செய்தல் அல்லது மெருகிடுதல், பற்சுகாதாரம் பற்றி அறிவுரை கூறுதல் ஆகியவற்றைக் கொண்டே பற்சுகாதாரப் பணியாளரை அச்சட்டம் வரையறுத்தது. நோய்க்குறி அறிதல் அவ்வரையறையில் இடம்பெறவில்லை.

அறிதலும் அறுதியிடலும்

வாயினுள் தோன்றும் வெண்படலத்திற்கு 'லூக்கோப்ளேக்கியா' என்னும் பெயரைப் புடாபெஸ்ட் நகரத் தோல்நோய் மருத்துவர் எர்னோ ஷ்விம்மர் 1877இல் வழங்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1978இல், உலகச் சுகாதார நிறுவனம் அதற்குத் தந்த வரையறை கருதத்தக்கது: மருத்துவப் பார்வையாலோ திசு ஆய்வாலோ வேறெந்த நோயாகவும் இனங்காண இயலாத வெண்திட்டே லூக்கோப்ளேக்கியா. அஃதாவது, அது விலக்கி அறியப்படும் நோய். பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி அறுதியிடுவதற்கு மருத்துவக் கல்வி தேவை. ஆயின், துடைத்தாலும் நீங்காத ஒரு வெண்திட்டு இருக்கிறது எனக் காண்பதற்குப் பயின்ற கண்ணும் நல்ல வெளிச்சமும் போதும். அறிதலும் அறுதியிடலும் இருவேறு செயல்கள் என்பது இங்கே புலனாகிறது.

நெய்யூரின் சான்று

தென்னிந்தியாவில் வாய்ப்புற்று பற்றிய பதிவுகள் முன்னரே தொடங்கிவிட்டன. வெற்றிலை மெல்லுதலுக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பைச் சென்னையிலிருந்து நிப்லாக் 1902இல் எழுதினார். அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் இலண்டன் மிஷன் மருத்துவமனை இவ்வரலாற்றில் சிறப்பிடம் பெறுகிறது. திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பைப் பெண்டால் 1908இல் வெளியிட்டார். அம்மருத்துவமனையைச் சேர்ந்த அயன் ஆர், வெற்றிலை மெல்வோரிடம் காணப்படும் வாய்ப்புற்றின் காரணம், இயல்பு, மருத்துவம் ஆகியவற்றை 1933இல் 'லான்செட்' இதழில் விரித்துரைத்தார்.

இப்பதிவுகள் காரணத்தைத் தேடுவதில் முன்னோடியானவை. எனினும் இவை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த புற்றைப் பற்றியவை. மருத்துவரின் கண் நோயைக் காணும் முன்னரே நோய் முற்றியிருக்கக் கூடும். ஊரிலேயே, வலி தோன்றும் முன்னரே, வாயைப் பார்ப்பார் யார் என்னும் வினா எஞ்சி நின்றது.

பாக்கும் இறுகும் வாயும்

மற்றொரு பிறழ்வு பெயர் பெற்ற வரலாறும் இதனோடு இயைபுடையது. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் வாயின் உட்சவ்வு வெளிறி இறுகியிருப்பதை ஷ்வார்ட்ஸ் 1952இல் விவரித்தார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி இந்நோயைச் சவ்வின் அடியில் நார் படரும் நோயாகப் பதிவு செய்தார். காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதும் திறக்க இயலாமை ஆகியன இதன் குறிகள். ஷ்வார்ட்ஸ் காரணம் அறியப்படாத நோயாக இதற்குப் பெயரிட்டார். பின்னர்ப் பாக்கு மெல்லுதலே இதன் முதன்மைக் காரணம் எனத் தெளிவாயிற்று. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றை விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது. காரணம் தெளிய அரை நூற்றாண்டு ஆயிற்று. வாய் திறக்கவில்லை என்பதோ முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்த செய்தி.

இலங்கையும் திருவனந்தபுரமும்

மருத்துவரல்லாதார் வாய்நோயைக் காண இயலுமா என்னும் வினாவிற்கு இலங்கை விடை தேடியது. அங்கு முதல்நிலைச் சுகாதாரப் பணியாளர் 34 பேர் பயிற்சி பெற்று, 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தனர். 1984இல் வெளியான முடிவுகள் அவர்தம் கண்டறிதல் நம்பத்தக்கது எனக் காட்டின. ஆயினும், மேல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டோருள் பலர் செல்லவில்லை என்பதும் தெரியவந்தது.

உயிரிழப்பு குறையுமா என்னும் அடுத்த வினாவைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு எடுத்துக்கொண்டது. 13 ஊர்த்தொகுதிகளுள் ஏழில், மருத்துவரல்லாத பட்டதாரிப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்று வாய்களைப் பார்த்தனர். ஐயத்திற்குரியோரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மக்கள்தொகை முழுவதையும் கொண்டு நோக்கும்போது அக்குறைவு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. ஆகவே எல்லார் வாயையும் பார்க்க வேண்டும் என்பதன்று, பழக்கமுடையோர் வாயைத் தவறாது பார்க்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் பெறுபேறு.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். ஒன்று, நோயை அறுதியிடுதல் மருத்துவர்க்குரியது; பிறழ்வை அறிதல் பயிற்சி பெற்ற எவர்க்கும் இயலும். மற்றொன்று, கண்டவர் சொன்ன சொல்லைக் கேட்டு நோயாளி மருத்துவரை அடைந்தாலொழியக் காண்டலால் பயன் விளையாது. காரை நீக்கும் பணியாளரிடம் நோயாளி ஏற்கெனவே வாய் திறந்து அமர்ந்திருக்கிறார். அவ்வேளையில் நாக்கை ஒருமுறை விலக்கிப் பார்ப்பதைச் சட்டம் பணியாக எண்ணவில்லை. எனவே, பற்சுகாதாரக் கல்வியிலும் பணி வரையறையிலும் காணுதலைத் தூய்மைக்கு இணையான கடமையாகச் சேர்ப்பது, தென்னிந்தியாவும் இலங்கையும் தந்த சான்றுகளுக்கு உரிய மதிப்பளிப்பதாகும்.