சமையலறை கேபினட்டுக்கு எந்தப் பிளைவுட்? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளம் வடிந்த பிறகு, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசல்கள்தோறும் மெத்தை, சோபா, அலமாரி என்று குவிந்து கிடந்த காட்சி பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீரில் ஊறி உப்பிய பலகையை மறுபடி பயன்படுத்த முடியாது.

வெள்ளம் ஏறாத வீட்டிலும் இதே கதை மெதுவாக நடக்கும். சிங்க் குழாயில் சொட்டும் நீர், தினமும் துடைக்கும் ஈரத் தரை, குழம்பு கொதிக்கும் ஆவி எல்லாமே பலகையைத்தான் தாக்குகின்றன. போதாததற்கு, நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும்.

"பயப்படாதீங்க, எல்லாம் பிளைவுட்தான்" என்பார் குத்தகையாளர். அந்த ஒரு சொல்லை நம்பிப் பணம் கட்டலாமா?

மூன்று பலகைகள், மூன்று குணங்கள்

- பிளைவுட்: மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டியது. திருகாணியை நன்றாகப் பிடிக்கும். ஓரளவு ஈரம் தாங்கும்.
- சிப்போர்டு: மரத்துகளைப் பசையோடு அழுத்தியது. விலை குறைவு. ஓரத்தில் நீர் புகுந்தால் உப்பும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது.
- எம்டிஎஃப்: மர நாரை அழுத்திச் செய்தது. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் பெயிண்ட் அடிக்கும் கதவுகளுக்கு ஏற்றது. நீர் இதற்கும் எதிரி.

சில சிப்போர்டு, எம்டிஎஃப் பலகைகளின் உள்பகுதி பச்சையாக இருக்கும். அது ஈரம் தாங்கும் வகை என்று காட்டும் சாயம் மட்டுமே. அந்த நிறம் பலகையைக் காப்பாற்றாது.

மரத்தைவிட பசை முக்கியம்

பிளைவுட் கெட்டுப்போவது பெரும்பாலும் மரத்தால் அல்ல, அடுக்குகள் பிரிவதால்தான். அதனால் 'என்ன மரம்?' என்பதற்கு முன் 'என்ன பசை?' என்று கேளுங்கள்.

- எம்ஆர்: காற்றின் ஈரத்தைத் தாங்கும். தொடர்ந்து நனைந்தால் தாங்காது.
- டபிள்யூபிபி: மழை, வெயில், கொதிநீர் தாங்கும் பசை. சிங்க் அடியில் இதுதான் வேண்டும்.
- மரைன்: படகு கட்டும் தரம். பிஎஸ் 1088 என்பது இதற்கான பிரிட்டிஷ் தரநிலை. வாயால் 'மரைன்' என்று சொன்னால் போதாது, பலகையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

டபிள்யூபிபி பசைக்கோடு பெரும்பாலும் கரும்பழுப்பாகத் தெரியும். ஆனால் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பசையிலிருந்து ஃபார்மல்டிஹைட் வாயுவும் வெளியேறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. காற்றோட்டம் குறைந்த அடுக்குமாடி வீடு என்றால் இ1 அல்லது இ0 தரம் கேளுங்கள். இ0 என்றால் வாயு இன்னும் குறைவு.

முழுக்க பிளைவுட் தேவையா?

பட்ஜெட் இடித்தால் தேவையில்லை. பணத்தை நீர் படும் இடத்தில் போடுங்கள்.

- சிங்க் கேபினட், கீழ் வரிசை: டபிள்யூபிபி பிளைவுட், 18 மில்லிமீட்டர்.
- மேல் வரிசை: ஈரம் தாங்கும் சிப்போர்டு போதும். ஆனால் தட்டு, சட்டி அடுக்கும் நீண்ட தட்டுகள் சிப்போர்டில் நாளடைவில் வளையும். அங்கே பிளைவுட் நல்லது.
- பின்பலகை: மிக மெல்லியதாக இருந்தால் சுவரின் ஈரத்தில் நெளியும். 6 மில்லிமீட்டர் கேளுங்கள்.
- கால்: பலகை நேராகத் தரையில் நிற்க வேண்டாம். உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால் போட்டால், மாப் தண்ணீர் பலகையைத் தொடாது.

எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரமும் குழாய்க்காகப் போட்ட துளையும் மூடப்பட வேண்டும். நீர் உள்ளே போகும் வாசல் அதுதான்.

வெள்ளம் ஏறும் பகுதியா?

கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ வீட்டுக்குள் தண்ணீர் வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நல்ல பிளைவுட்டும் நாள்கணக்கில் ஊறினால் உத்தரவாதம் இல்லை. கீழ் வரிசைக்குச் செங்கல், கான்கிரீட் மேடை கட்டி அலுமினியக் கதவு போடுவதை யோசியுங்கள். கழுவித் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

கடையில் சோதிப்பது எப்படி?

1. ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் திருகாணி பிடிக்காது.
2. அளவுகோல் வைத்துப் பாருங்கள். 18 என்று சொல்லும் பலகை அதைவிட மெலிதாக இருக்கலாம்.
3. வெட்டிய துண்டு ஒன்று கேட்டு வாங்கி, ஒரு நாள் முழுக்க நீரில் போடுங்கள். உப்பினால், பிரிந்தால் வேண்டாம். பிரியாவிட்டாலும் அது டபிள்யூபிபி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மோசமான பலகையை ஒதுக்க மட்டுமே இந்தச் சோதனை உதவும்.

கொட்டேஷனில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

'பிளைவுட் கேபினட்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டி பிளைவுட்டாகவும் கதவு எம்டிஎஃப்பாகவும் இருக்கலாம். இவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்:

- பெட்டி, கதவு, பின்பலகை, இடைத்தட்டு ஒவ்வொன்றும் எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர்
- பசை வகை, இ1 அல்லது இ0
- அடிக்கு எவ்வளவு. எந்தெந்த வேலை அந்த விலையில் அடங்கும்
- முன்பணம், முடிக்கும் தேதி, உத்தரவாதக் காலம்

"தீபாவளிக்குள்ள முடிச்சுத் தரேன்" என்ற வாய்ப்பேச்சும் தேதியாக எழுத்தில் வரட்டும். பலகை வந்து இறங்கும் நாளில், லேமினேட் ஒட்டும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது தெரியாது.

ஏமாற்றப்பட்டால்?

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கொட்டேஷனும் ரசீதும் படங்களும்தான். பத்திரமாக வைத்திருங்கள்.