குப்பைக்கிடங்குக் கசிவுநீரில் சடுதிமாற்றச் சோதனை

குப்பைக்கிடங்கில் பெய்யும் மழை, கழிவுகளின் ஊடே இறங்கிக் கறுத்த நீராக அடியில் வடிகிறது. இது கசிவுநீர் எனப்படும். உயிரணுவின் டி.என்.ஏ.வை மாற்றும் பொருள்கள், அதாவது சடுதிமாற்றக் காரணிகள், இந்நீரில் உள்ளனவா என்பதைப் பாக்டீரியா, தாவரம் முதலியவற்றைக் கொண்டு கண்டறிகின்றனர்.

ஏம்ஸ் சோதனை

ஒரு வேதிப்பொருள் புற்றுநோயை உண்டாக்குமா என்றறிய முன்பு எலிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் எளிய வழியொன்றை உருவாக்கினார். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க இயலாத சால்மோனெல்லா பாக்டீரியாவை அவர் பயன்படுத்தினார். ஹிஸ்டிடின் போதிய அளவு இல்லாத ஊடகத்தில் அது பெருகாது. சோதிக்கப்படும் பொருள் அதன் மரபணுவை மாற்றினால், சில பாக்டீரியாக்கள் இழந்த திறனை மீளப்பெற்றுக் கூட்டங்களாக வளரும். இரண்டு நாள்களில் அவற்றை எண்ணிவிடலாம். சில பொருள்கள் கல்லீரலில் மாற்றமடைந்த பின்னரே தீங்கு செய்வதால், 1973இல் எலியின் கல்லீரல் சாறும் இச்சோதனையில் சேர்க்கப்பட்டது.

லவ் கால்வாய்

புதைக்கப்பட்ட கழிவு மனித மரபுப்பொருளைத் தாக்குமா என்ற கேள்வியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரம். அங்குள்ள லவ் கால்வாயில் ஹூக்கர் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் வேதிக்கழிவைப் புதைத்தது. பின்னர் அந்நிலம் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுக்கப்பட்டது. அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் பெருகின. 1970களில் கசிவுநீர் வீடுகளின் நிலவறைகளில் ஊறியது. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் நெருக்கடிநிலை அறிவித்தார்.

1980 மே மாதத்தில், சோதிக்கப்பட்ட 36 பேரில் 11 பேருக்குக் குரோமோசோம் சிதைவு இருப்பதாக அரசின் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. ஆனால் ஒப்பிடுவதற்கு வேறிடத்து மக்கள் எவரும் அப்போது சோதிக்கப்படவில்லை. ஆகவே அறிவியலாளர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. கொதித்தெழுந்த மக்கள் முகமை அலுவலர் இருவரைச் சில மணிநேரம் பிடித்துவைத்தனர். இரு நாள்களில் இரண்டாவது நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நச்சுக்கழிவு நிலங்களைத் தூய்மையாக்கும் 'சூப்பர்ஃபண்ட்' சட்டமும் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறியது. ஒப்பீட்டுக் குழுவுடன் பின்னர் நடத்தப்பட்டு 1984இல் வெளியான ஆய்வில், அப்பகுதி மக்களிடம் குரோமோசோம் சிதைவு மிகுதியாகக் காணப்படவில்லை.

சிக்கல்கள்

கசிவுநீரைச் சோதிப்பதிலும் ஒப்பீடு இன்றியமையாதது. நீரின் நச்சுத்தன்மை மிகுந்தால், சடுதிமாற்றம் வெளிப்படுமுன் பாக்டீரியாவே மடிந்துவிடும்; தீங்கான நீர் தீங்கற்றதாகத் தோன்றும். மாறாக, மட்கிய கழிவிலிருந்து ஹிஸ்டிடின் கலந்திருந்தால், சடுதிமாற்றம் இன்றியே பாக்டீரியா பெருகும். எனவே தூய நீரையும், விளைவு முன்பே தெரிந்த சடுதிமாற்றக் காரணி ஒன்றையும் உடன்வைத்துச் சோதிப்பர்.

வெங்காய வேர்ச் சோதனையும் வழக்கிலுள்ளது. 1938இல் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் அறிமுகப்படுத்திய இம்முறையில், வேர்நுனி உயிரணுக்கள் பிரியும்போது குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பர். செலவு குறைவு என்பதால் இந்தியாவிலும் கசிவுநீர் ஆய்வுகளில் இது பயன்படுகிறது.

வேதிப் பகுப்பாய்வு, தேடப்பட்ட பொருள்களின் அளவை மட்டுமே சொல்லும். உயிர்ச்சோதனை, பெயர் தெரியாத பொருள்களும் சேர்ந்த முழுக் கலவையின் விளைவைக் காட்டும். எனினும் அது அருகில் வாழ்வோரின் நோயை உறுதிப்படுத்தாது; அதற்கு மக்களிடையே தனி ஆய்வு தேவை.