ஐரோப்பிய மகளிரின் இறுக்குகச்சு

ஒரு காலத்து மக்களின் கருத்துக்களை அறிதற்கு அவர்தம் நூல்களேயன்றி அவர் அணிந்த உடைகளும் சான்றாவன. பதினாறாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய மகளிர் பல்வேறு வடிவங்களில் அணிந்த ‘கோர்செற்’ என்னும் இறுக்குகச்சு அத்தகைய சான்றுகளுள் ஒன்று. அக்கால ஓவியங்களிற் காணப்படும் மகளிரின் சிற்றிடை இயற்கை அளித்ததன்று; கைவினைஞர் அமைத்ததாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே லினன் துணி இரண்டினை ஒன்றன்மேலொன்றாக வைத்து, நெருங்கிய வரிசைகளாகத் தைத்து, இடையே உண்டான ஒடுங்கிய குழல்களில் ‘திமிங்கில எலும்பு’ செருகினர். பெயரால் எலும்பாயினும் அது எலும்பன்று. சிலவகைத் திமிங்கிலங்களின் மேல்வாயிலே தொங்கும், நகத்தை ஒத்த பொருளாலான தகடாகும். அது வளையும், எளிதில் முறியாது, வேண்டிய அகலத்திற் கீறவும் படும். முன்புறத்தில் மரத்தாலேனும் தந்தத்தாலேனும் ஆன சட்டம் நிமிர்ந்து நின்றது. பின்புறத்தில் நாடா கோத்து இறுக்கப்பட்டது. இதனால் மார்பு உயர்ந்து, உடல் தலைகீழாக நிறுத்திய கூம்பின் வடிவைப் பெற்றது. பாரிஸ் நகரிலே 1675ஆம் ஆண்டிற் பெண் தையலாளருக்குத் தனிச்சங்கம் அமைக்க அரசு இசைந்தபோதும், எலும்பு வைத்த கச்சினைத் தைக்கும் உரிமை ஆடவரிடமே விடப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொழில்நுட்பம் மாறவே உடலின் வடிவும் மாறியது. நூலாற் கட்டிய துளைகள் மிகையாக இழுப்பிற் கிழிந்துவிடும். 1828ஆம் ஆண்டில் உலோக வளையம் பதித்த துளைகள் தோன்றியபின் நாடாவை முன்னிலும் வலிந்து இறுக்க முடிந்தது. இரண்டாகப் பிரிந்து முன்னே கொளுவும் உருக்குச் சட்டமும் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவிற்று. துணித் துண்டுகள் இடையில் ஒடுங்கியும் மேலுங் கீழும் விரிந்தும் வெட்டப்பட்டமையால், கூம்பு போய் மணற்கடிகாரத்தின் வடிவு வந்தது. 1868ஆம் ஆண்டில் எட்வின் ஐசொட் என்னும் ஆங்கிலேயர், பசையூட்டிய கச்சினை உலோக உடலுருவின்மேற் பொருத்தி நீராவியின் வெப்பத்தால் உலர்த்தும் முறையை ஏற்படுத்தினார். உடலுக்கேற்பக் கச்சு அமைவதற்கு மாறாக, கச்சே உடலுக்கு அச்சாயிற்று.

இறுக்கத்தின் விளைவு யாது? கீழ் விலாவெலும்புகள் உள்நோக்கி ஒடுங்கின. வயிற்றினுள்ளுறுப்புக்கள் மேலுங் கீழும் தள்ளப்பட்டன. மூச்சு மார்பின் மேற்பாகத்தோடு நின்றது. நெடுநாள் அணிந்தோரின் முதுகுத் தசைகள் தளர்ந்தன. ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் சொம்மெரிங் 1788ஆம் ஆண்டிலேயே இதன் தீமையைக் குறித்து எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் ஓபொலோவெல் 1908இல் வெளியிட்ட நூலில் எக்ஸ் கதிர்ப் படங்களைச் சேர்த்தார்.

எனினும் வரலாற்று மாணவர் மிகைக்கூற்றுக்களை நம்புதல் கூடாது. இடை சிறுத்தற்பொருட்டு விலாவெலும்பை வெட்டி நீக்கினர் என்னும் கதைக்கு ஆதாரமில்லை. காட்சிச்சாலைக் கச்சின் அளவும் உடலின் அளவாகாது. பின்புறத்தில் இடைவெளி விட்டு அணிதல் வழக்கமாயிருந்தது. உழைக்கும் பெண்களும் இதனை அணிந்தே வேலை செய்தனர்.

1881ஆம் ஆண்டில் இலண்டனில் அறிவுசார் உடைச் சங்கம் தோன்றிற்று. 1900ஆம் ஆண்டளவில், மருத்துவம் பயின்ற காஷ்-சாரோற் அம்மையார் வயிற்றை நெரிக்காத நேர்முகக் கச்சினைப் பரப்பினார். நலங்கருதிய அக்கச்சினையும் நாகரிகம் விட்டுவைக்கவில்லை. அதனை மிக இறுக்கி, மார்பு முன்னும் இடுப்பு பின்னுமாக உடலை வளைத்தது. முதலாம் உலகப் போரிலே பெண்கள் தொழிற்சாலைகளிற் பணிபுரியத் தொடங்கவே, கடுங்கச்சின் ஆட்சி தளர்ந்தது. நெகிழும் இரப்பர்ப் பட்டி அதன் இடத்தைப் பெற்றது.

மருத்துவர் நூற்றாண்டுக்கு மேலாகக் கூறியும் தளராத நாடாவை வாழ்க்கை முறையின் மாற்றமே தளர்த்தியது. அறிவுரை மட்டும் வழக்கத்தை வெல்லாது என்பதற்கு இக்கச்சின் வரலாறு தக்க சான்றாகும்.