இந்திய நீதிமன்றங்களின் எண்ணிமமயமாக்கமும் தொழில் புத்தாக்கமும்

இந்திய நீதிமன்றத் தீர்ப்புகள் நெடுங்காலம் பெரும்பாலும் தனியார் பதிப்பகங்களின் தீர்ப்புத் திரட்டுகள் வழியாகவே வழக்கறிஞர்களை எட்டின. விலை கொடுத்து அவற்றை வாங்க இயலாதவர்களுக்கு முன்தீர்ப்புகளைத் தேடுவது கடினமாக இருந்தது. தீர்ப்புகள் குறுந்தகடுகளில் வரத் தொடங்கியபின், அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே நீதிமன்றம் ஏறியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி. பி. மோடக் வழக்கில் 2007 திசம்பரில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து, பதிப்பாளர் தம் திறனால் சேர்த்தவற்றுக்கு மட்டுமே பதிப்புரிமை உண்டு.

அடுத்த மாதமே, 2008 சனவரியில், சுசாந்த் சின்கா என்னும் கணினிப் பொறியாளர் 'இந்தியன் கானூன்' என்ற இலவசத் தேடுபொறியைத் தொடங்கினார். சட்டத் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றுக்கு இது முன்னோடி எனலாம்.

இதே காலத்தில் அரசின் மின்-நீதிமன்றத் திட்டமும் கீழமை நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க அடையாள எண் வந்தது. 2015இல் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கடன் கேட்பவர் மீதோ, அடமானம் வைக்கும் நிலத்தின் மீதோ வழக்கு உள்ளதா என்று பார்க்க, வங்கிகள் முன்பு ஊர் ஊராக வழக்கறிஞரை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தேடலையே சேவையாக விற்கும் நிறுவனங்கள் பின்னர் தோன்றின. ஆனால் வழக்காடிகளின் பெயர்கள் பலவித எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பதால், பெயர் ஒன்றாயிருக்கும் வேறொருவரின் வழக்கு இவர் கணக்கில் சேர்ந்துவிடும் ஆபத்து இன்றும் உண்டு.

இதனால் வழக்குகள் விரைவாக முடிந்தன என்று கருதுவது பிழை. உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் ஒரு வணிக ஒப்பந்த வழக்கு முடிய 1,445 நாட்கள் ஆவதாகக் கணக்கிட்டது. புத்தாக்கத்துக்கு வித்திட்டது விரைவான நீதியன்று, திறந்த தரவே.

திறந்த தரவுக்கு மறுபக்கமும் உண்டு. குற்றவழக்கில் விடுதலையான ஒருவர், வேலை தேடும்போதும் இணையத்தில் தம் பெயர் வழக்கோடு சேர்ந்தே வருகிறது என்று முறையிடும் நிலை உருவானது. அவ்வாறான ஒரு மனுவில், தீர்ப்பை நீக்குமாறு இந்தியன் கானூனுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் ஆணையிட்டது. அவ்வாணைக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சூலையில் இடைக்காலத் தடை விதித்தது.