பாஸ்காவும் படக்காட்சியும்

புதுக்கோட்டைச் சீமையின் கத்தோலிக்க வரலாற்றில் ஆவூருக்குத் தனியிடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபைக் குரு பூஷே அடிகளார் அங்கே தங்கி வேதம் போதித்தார். வீரமாமுனிவர் திருப்பணியாற்றிய தலமும் அதுவே. அங்கே உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் நடைபெறும் பாஸ்காவும், அதைத் தொடர்ந்து வரும் தேர்த் திருவிழாவும் நம் மாவட்டம் நன்கறிந்தவை.

வானொலி, சினிமா, தொலைக்காட்சி, கைப்பேசி என்று வீடு நிறையப் படம் வந்துவிட்ட பிறகு பாஸ்கா எதற்கு என இளைஞர் கேட்பதுண்டு. இப்போட்டி புதிதன்று. திருச்சியில் ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊர் ஊராகக் காட்டினார். ஆக, தென்னாட்டில் சினிமா கால்வைத்த நாளிலேயே ஆண்டவரின் வரலாறு திரையேறிவிட்டது. ஆயினும் பாஸ்கா மறையவில்லை.

காரணம் எளிது. படத்தில் சிலுவை சுமப்பவர் நமக்கு அந்நியர். பாஸ்காவில் சுமப்பவர் நாம் அறிந்த விவசாயி, கொத்தனார், கல்லூரி மாணவர். யூதாசாக நடித்தவர் மறுநாள் நம்மோடு நன்மை வாங்க வரிசையில் நிற்பார். ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தவன் சீடருள் ஒருவனே என்பது அப்போது நெஞ்சில் தைக்கிறது.

ஜெர்மனியில் ஒபரம்மர்காவ் என்னும் மலைக் கிராமத்தார், கொள்ளை நோய்க்கு அஞ்சி 1633இல் நேர்ந்துகொண்டு, 1634 முதல் திருப்பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகின்றனர். கொரோனாவால் 2020இல் தடைப்பட்டதை 2022இல் நடத்தி நேர்ச்சையை நிறைவேற்றினர்.

அதே 2020இல் பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களும் பூட்டிக் கிடந்தன. திருச்சடங்குகளைத் தொலைக்காட்சியில் கண்டோம். அது ஆறுதல் தந்தது. ஆனால் திருச்சிலுவையை முத்தி செய்ய முடியவில்லை, நற்கருணையும் கிட்டவில்லை.

திருச்சபை இக்கருவிகளுக்குப் பகையன்று. 1963 டிசம்பர் 4இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு அவற்றை வரவேற்றது. ஆகவே, முதியோர் பாடும் பழைய பாஸ்காப் பாடல்களைக் கைப்பேசியில் பதிவு செய்வோம், அது நல்லதே. ஆனால் பதிவு செய்த பாட்டு பெட்டிக்குள் இருக்கும். ஒரு சிறுவன் கற்றுக்கொண்ட பாட்டு ஊருக்குள் இருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளையையாவது ஒத்திகைக்கு அனுப்பி வைப்போமாக!